சிங்க் ஓரம்

ஸ்காபரோவிலிருந்து மச்சாள்
கிரனைட் போடச் சொன்னாள்.
"ஒருக்கால் போட்டால் சரி, துடைச்சிட்டுப் போயிடலாம்."
பதினொரு படம் அனுப்பினாள்.
எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு, ஒரே மினுக்கம்.
ஒன்றிலும் ஒரு கோப்பை இல்லை.

நான் முதிரை வாங்கினேன்.
ஆறே முக்கால் அடி, ஒன்றரை அங்குலக் கனம்.
எமிலியானுஸ் லாண்ட்மாஸ்டரில் ஏற்றிவந்து
கோண்டாவில் குசினிச் சுவரில் சாய்த்து
சிங்குக்கு வாய் வெட்டினான்.
வெட்டிய இடத்தில் மரத்தின் நாளங்கள்
நறுக்கின கீரைத்தண்டு போலத் திறந்து கிடந்தன.
"மேலால ஊத்தினால் வழிஞ்சுபோகும், அக்கா.
இதுக்குள்ள பட்டால் குடிக்கும்."

அரத்தாள் எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது.
ஈரத்துணியால் ஒருதரம் துடைத்து
சிலிர்த்தெழும்பின மயிரை மறுபடி தேய்த்து.
திங்கட்கிழமை வங்கிக் கவுண்டரில்
தும்மத் தும்மக் காசு எண்ணினேன்.

ஆளிவிதை எண்ணெய், காய்ச்சாதது,
ஸ்ரான்லி வீதியில் வாங்கினது.
சோறு வைக்கிற இடம். சுணங்கினாலும் பரவாயில்லை,
கிழமைக்கு ஒரு பூச்சு.
பலகையைப் புரட்டித் தரச் சொன்னேன்.
"அடிப்பக்கத்துக்கோ? ஆர் பாக்கப்போகினம்?"
ஒரு பக்கம் குடிக்க
மற்றப் பக்கம் பட்டினி கிடந்தால்
பலகை கோணும்.
பதினாறு வருசம் ஒருவரோடு இருந்தவள் நான்,
இதை ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மூன்றாம் பூச்சுக்குள் ஃபோன்.
மச்சாள்தான். இப்போது கிரனைட் இல்லை, காணி உறுதி.
அண்ணாவுக்கு அரைவாசி வேணுமாம்.
நான் பேசவில்லை.
கையிலிருந்த துணியைக் கசக்கிக் கசக்கி
உருண்டையாக்கி வாளிக்குள் எறிந்தேன்.

அரைமணியில் குசினி மணத்தது.
வாளிக்குள்ளிருந்து மெல்லிய புகை.
நெருப்பு ஒருவரும் வைக்கவில்லை.
சுருட்டி வைத்தால் எண்ணெய்த் துணி
தன் சூட்டைத் தானே சேர்த்துப் பத்துமென்று
எமிலியானுஸ் சொன்னவன்.
வெளியே தூக்கிப்போய் நனைத்து
கொடியில் விரித்துவிட்டேன்.
விரித்தால் அது வெறும் துணி.

ஏழு பூச்சு முடிந்து கார்த்திகை.
கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம்
பைப்பைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் இல்லை.
பூட்ட மறந்து படுத்துவிட்டேன்.
விடியப்புறம் மோட்டர் தானாய் ஓடித் தாங்கி நிரம்பி
அடைத்துக்கிடந்த சிங்க் பொங்கி
பலகை முழுக்கக் குளம்.

துடைத்தேன். போயிற்று.
எங்கள் கிணற்றுத் தண்ணீர் சும்மா போகாது,
காய்ந்தபின் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு விட்டுப்போகும்;
அதையும் துடைத்தேன், தேசிக்காய் போடாமல்,
புளிப்பு எண்ணெயைத் தின்னும்.
நேராய்த்தான் கிடந்தது பலகை.
குனிந்து அடியில் தடவினேன்,
உலர்ந்து வழுவழுவென்று.

பைப்புக்குப் பின்னால் மட்டும்
புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு.
அந்த மூலைக்கு மூன்றாம் பூச்சு போகவில்லை.
பிறகு பூசினதெல்லாம் அதற்கு மேலால்தான் நின்றிருக்கிறது.

"எப்படி இருக்கு மரம்?" என்று மச்சாள் கேட்டாள்.
கமராவைச் சிங்க் பக்கம் திருப்பினேன்.
"அதென்ன கறுப்பு?"
"நீங்கள் ஃபோன் எடுத்த நேரம்" என்றேன்.
அங்கே பனி கொட்டுகிறதாம்,
சத்தம் விட்டுவிட்டு வந்தது.

டின்னில் இன்னும் கால்வாசி இருக்கிறது.
தை பிறந்தால்
அரத்தாளில் தொடங்கவேண்டும், அந்த மூலையில் இருந்து.