மூண்டுக்கு மேல

இரவுப் பணி. கிராண்ட்பாஸில் அச்சு இயந்திரம்
கனைத்துக்கொண்டு தொடங்கும் நேரம்.
"அலரி மாளிகை மறுப்பு" என்று தட்டுகிறேன்.
மாளிகை மறுக்கும். கவலைப்படும். சில நாள் மௌனம் காக்கும்.
ஆளைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்,
சுவரைப் போட்டால் வராது
என்பார் செய்தி ஆசிரியர் தவயோகன்.
சாதாரணதரப் பரீட்சையில் இதற்கு இரண்டு புள்ளி:
இடவாகுபெயர்.
ஊர் சிரித்தது. சிரித்தவர் ஊரார்.

அடுத்தது: "கொழும்பு இன்னும் முடிவெடுக்கவில்லை."
யன்னலுக்கு வெளியே கொழும்பு
முச்சக்கரவண்டிக்குள் கால்நீட்டி உறங்குகிறது.
ஒரு செருப்பு மழைத்தண்ணீரில்.
அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீடு கொட்டாஞ்சேனையில்.
"நாலாம் மாடி, நல்ல காத்து, துறைமுகம் தெரியும்"
என்றார் தரகர். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும்
அண்ணியின் காதில் விழவில்லை.
சின்ன விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்று
அண்ணனைக் கூட்டிப்போன இடத்துக்கும் அதுதான் பெயர்.
எந்தத் தெரு, எத்தனை மாடிக் கட்டடம்,
தமிழில் யாரும் கேட்பதில்லை.
இலக்கத்தைச் சொன்னதும் குரல் தானாய்த் தணியும்.

வாடகை குறைவு. எடுத்தோம்.
பத்து வருடமாக அண்ணி சொல்வது: "மூண்டுக்கு மேல."
தபால்காரர் பழகிவிட்டார். மீன்காரரும்.

நேற்று காஸ் கொண்டுவந்த பையன் புதிது. ஹட்டன் பக்கம்.
பதினெட்டு இருக்கும்.
லிப்ட் வேலை செய்யவில்லை. கீழிருந்து போன் எடுத்தான்.
"எத்தனாவது மாடிக்கா?"
"மூண்டுக்கு மேல, தம்பி."
மேலே என்றால் மேலே என்று
சிலிண்டரை மொட்டைமாடிவரை சுமந்திருக்கிறான்.
அங்கே துணி காய்ந்தது, காகம் இருந்தது.

இறங்கிவந்து வாசலில் மூச்சு வாங்கினான்.
"நாலாம் மாடின்னு சொல்லியிருக்கலாமேக்கா."

அவ்வளவு சத்தமாக
அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.
அவன் தோளுக்கு அது எழுபத்திரண்டு படி. வேறொன்றுமில்லை.
அண்ணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றா.
பிறகு குளிர்ந்த தண்ணீர் கொடுத்தா, நூறு ரூபா கொடுத்தா,
இன்னொரு நூறு.
அவன் போன பிறகு
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்த மாதிரி இருந்தது.
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இன்றிரவு கடைசிச் செய்தி, ஒற்றைப் பத்தி, இரண்டு வரித் தலைப்பு.
யாரோ ஒருவரை ஒன்பது மணிநேரம் விசாரித்திருக்கிறார்கள்.
"நாலாம் மாடியில் வாக்குமூலம்."
அளவாகப் பொருந்துகிறது.
ஆளின் பெயர் நீளம்.
எழுத்தைச் சிறிதாக்கிப் பார்க்கிறேன்,
இன்னும் சிறிதாக்குகிறேன்,
தவயோகன் மணியைக் காட்டுகிறார்.