நடுவில் உட்கார்ந்திருப்பவர்

லாங் பஜாரில் பன்னிரண்டு மீட்டர் ஒயர் வாங்கினேன்.
ஒட்டிப் பிறந்த இரண்டு இழை,
ஒன்றின் முதுகில் மட்டும் சிவப்புக் கோடு.
"கோட்டை மறந்துடாதீங்க சார்" என்றான் கடைப் பையன்.
வேலூரில் இருந்துகொண்டு
கோட்டையை எப்படி மறப்பது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. வெயில் அப்படி.

ரிசீவர், காந்தி நகரில் மாற்றலாகிப் போன
வங்கி மேலாளர் வீட்டிலிருந்து வந்தது.
முன்பக்கம் கல்யாண மாப்பிள்ளை.
திருப்பினால் இருபத்திரண்டு ஓட்டை.
அவசரத்தில் டிவியின் ஒயரை
ஃபோனோ என்று எழுதியதில் சொருகிவிட்டேன்.
செய்தி வாசிப்பவர் பிளந்துகொண்டு கத்தினார்.
"யாரைப் போட்டு அறுக்கறாங்க?"
அடுப்படியிலிருந்து ஹெப்சிபா.
ஆக்ஸுக்கு மாற்றினேன்.
மறுபடி மனிதரானார்.

பல்லால்தான் ஒயர் சீவினேன்,
கத்தி இருந்தும்.
செம்பை முறுக்கி நுழைக்கும்போது
ஒரு மயிரிழை தப்பிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் போதும்,
ரிசீவர் கோபித்துக்கொண்டு வாயை மூடிவிடும்.
இரண்டு தடவை மூடியது.

ஸ்பீக்கர்களில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் அழிந்திருந்தன.
டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து
இரு முனையிலும் ஒரு நொடி வைத்தேன்.
காகிதக் கூம்பு உள்ளே போனது.
திருப்பி வைத்தேன்.
விரல் நுனியை வெளியே தள்ளியது.
சரி, இதுதான் சிவப்பு.
இந்தச் சோதனைக்குக் காது வேண்டாம்.
மற்றதில் நிறம் பளிச்சென்று இருந்ததால்
தொட்டுப் பார்க்காமல் நம்பிவிட்டேன்.

என் இடது காது
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டின் டிரம்களோடு போனது.
டாக்டர் வேறு காரணம் எழுதினார்.
எப்படியோ, இப்போது காட்பாடிப் பக்கம் ரயில் ஊதினால்
வருகிறது என்பது மட்டும் தெரியும்.
ஜோலார்பேட்டையிலிருந்தா அரக்கோணத்திலிருந்தா என்று
கண்ணால்தான் கேட்க வேண்டும்.

அதனால், கேட்டுச் சொல்ல அவள்.
ராத்திரி டியூட்டி முடித்து, லேப் கோட்டுகூடக் கழற்றாமல்
எதிர்ச் சுவரோரம் பிளாஸ்டிக் சேரில்.
நான் ஜன்னலுக்குக் கீழே,
இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஸ்டூலில்.
"குரல் எங்க இருந்து வருது?"
"சொவத்துக்குள்ள... இல்ல, தெரியல.
பைப்புல தண்ணி வர்ற மாதிரி."
கொஞ்சம் யோசித்து,
"நம்ம பைப்புல எங்க வருது" என்றாள்.

பளிச்சென்று இருந்த பெட்டி.
எவனோ முன்னமே திறந்து
உள்ளே மாற்றிப் பற்ற வைத்திருக்கிறான்.
கோட்டை கறுப்புக்கும்
கோடில்லாததைச் சிவப்புக்கும் கொடுத்தேன்.
எனக்கு எதுவும் மாறவில்லை.
அதே ஆள், அதே செய்தி, அதே வலப்பக்கம்.

ஆனால் அவள் முகம் நிமிர்ந்தது.
"எந்திரிங்க."
"ஏன்?"
"அவரு உங்க மேல உக்காந்திருக்காரு."

எழுந்து நகர்ந்து நின்றேன்.
பெயின்ட் சிந்திய மர ஸ்டூல்,
ஒரு கால் குட்டை, அட்டை முட்டுக் கொடுத்தது.
அதைப் பார்த்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்,
வேலூர் நாற்பத்தொரு டிகிரி,
திருத்தணி நாற்பது,
அடுத்த மூன்று நாளும் இப்படியே.

ரிசீவர் முகத்தில் மோனோ என்று ஒரு பொத்தான்.
அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒரே பேச்சுப் பேசும்,
ஒற்றைக் காதுக்கு அது போதும்.
எனக்காக அவள் கை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
உனக்காவது அவர் அங்கேயே இருக்கட்டும்.

சாயங்காலம், எல்லாவற்றையும் அணைத்த பிறகு,
மாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளி வந்தவள்
வழக்கம்போல் ஸ்டூலில் போடப் போனாள்.
நின்றாள்.
கட்டிலில் போட்டாள்.