ஏழாவது கட்டில்

நாளிதழின் நான்காம் பக்கத்தில்
மாவட்டப் பால் உற்பத்திக் கணக்குக்குக் கீழே
ஆறு கேள்விகள் அச்சாகியிருந்தன.
எந்த ஊர்ப் பிள்ளையும் விடை எழுதித் தபாலில் அனுப்பலாம்.
தேறினால் நோவோசிபிர்ஸ்க்.
கணிதத்துக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி.

டுல்மா அதைக் கத்தரிக்கவில்லை, கிழித்தாள்.
ஓரத்தில் வெண்ணெய்க் கறை.
மூன்றாம் கேள்வியில் இருப்பது எட்டா, மூன்றா என்று
ஒரு வாரம் சண்டை.
கடைசியில் இரண்டுக்குமே தீர்த்து வைத்தோம்.

பிப்ரவரி. எங்கள் ஊரில் இரவு எட்டுக்கு மேல்
விளக்கு எரிவது ரயில் நிலையத்தில் மட்டும்.
சித்தாவுக்குப் போகும் சரக்கு வண்டி கடக்கும்போது
பென்சில் தானாக நடுங்கும்.
நேர்கோடு போட, வண்டிகளின் அட்டவணை
தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் கேள்வி:
ஆரம் ஒன்றுள்ள வட்டத்துக்குள் ஏழு புள்ளிகள்.
எந்த இரண்டுக்கும் இடையே தூரம் ஒன்றுக்குக் குறையாது.
அப்படியானால்
ஒரு புள்ளி மையத்திலேயே இருந்தாக வேண்டும். நிறுவுக.

நான் இருபது வட்டம் போட்டேன்.
டுல்மா சொன்னாள்:
புள்ளி என்று நினைக்காதே.
ஒன்றுக்கொன்று ஆகாத ஏழு பசுக்கள், வட்டமாக ஒரு பட்டி.
நடுவில் எதுவும் இல்லை என்று வை.
அங்கே நீ நின்று ஒவ்வொன்றாகப் பார்.
முந்நூற்று அறுபது பாகையை ஏழாகப் பங்கு போட்டால்
எங்கேயோ ஒரு கோணம் அறுபதுக்குள் சிறுத்துவிடும்.
அந்த இரண்டும் முட்டிக்கொள்ளும்.
அவ்வளவுதானே!
சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.
வீட்டில் நிஜப் பசு கன்று ஈனும் நேரம்.

தபால்தலைக்குக் காசு பற்றவில்லை. ஒரே உறையில் இரண்டு தாள்.
நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்,
'ஆகையால்' பதினொரு தடவை.
அவள் மூன்று வரி, பக்கத்தில் கொம்போடு ஒரு படம்.

ஏப்ரலில் பதில்கள் வந்தன, தனித்தனி உறைகளில்.
எனக்கு: ஐந்தாம் கணக்கின் சீரான நிறுவல்
குறிப்பாகப் பாராட்டத்தக்கது.
அவளுக்கு: காரணங்கள் காட்டப்படவில்லை.

என் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள்.
உறையில் ஒட்டியிருந்த விண்கலத் தபால்தலையைக் கேட்டாள்.
கொடுத்தேன்.

இரண்டு இரவு, மூன்று பகல் ரயில்.
ஆறு கட்டில் போட்ட அறையில் ஏழு பெண்கள்.
கெமரோவோவிலிருந்து வந்த ரிம்மா
முழங்கைகளைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறவள்.
ஜன்னலோரம் ஒருத்தி, கதவோரம் ஒருத்தி,
சுவரெல்லாம் ஆள்.
கடைசியாக வந்த எனக்கு
மடக்குக் கட்டிலை நட்டநடுவில் விரித்துப் போட்டார்கள்,
நேர் மேலே பல்பு.
முதல் இரவு கூரையைப் பார்த்துச் சிரித்தேன்.
என்ன என்று ரிம்மா கேட்டாள்.
நிறுவிவிட்டார்கள் என்றேன்.

முதல் வாரத் தேர்வில் ஐந்துக்கு இரண்டு.
அவரவர் ஊரில் முதலாக இருந்த நூற்றிருபது பேர்
சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

டுல்மாவுக்கு வாரம் ஒரு கணக்கு அனுப்புகிறேன்.
பால் பண்ணையின் எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில்
பதில் வருகிறது. மூன்று வரி, சிலசமயம் இரண்டு.
கோபமா என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன்.
'அடுத்ததை அனுப்பு' என்று இருந்தது.

இந்த மார்ச்சில்
தபாலில் வந்த விடைத்தாள்களைத் திருத்த
மேல்வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள்.
எனக்கு எண்பது தாள், ஒரு சிவப்புப் பென்சில்,
தட்டச்சு செய்த விதிகள்.
காரணம் காட்டாத விடைக்கு மதிப்பெண் இல்லை.

அறுபத்து மூன்றாவது தாள்
பர்குசின் பக்கத்துச் சிற்றூர்ப் பையனுடையது.
விடை சரி.
நான்கு வரி. கீழே மூன்று நரிகள்,
ஒன்றுக்கு வால் தாளுக்கு வெளியே போய்விட்டது.

பென்சில் நடுங்குகிறது.
இந்தக் கட்டடத்துக்கு அருகில்
எந்தச் சரக்கு வண்டியும் போவதில்லை.