முன்தண்டு, இடது தோள்

கதைப்படி இந்த நாட்டை ஆள்வது ஒரு பெண் டிராகன்.
அவள் இட்ட சட்டம்:
அச்சமும் மடமும் நாணமும் பயிர்ப்பும்
இனி ஆண்களுக்கு.
வாளும் வரிவசூலும் வாய்ச்சண்டையும் எங்களுக்கு.
மாப்பிள்ளைதான் முக்காடு போட்டுக்கொண்டு
மாமியார் வீட்டுக்குப் பல்லக்கில் போவான்.
எட்டுப் பெண்கள் சுமப்போம்.
நான் முன்தண்டு, இடது தோள்.
நாளொன்றுக்கு நூற்றெண்பது யுவான்,
மதியம் ஒரு சோற்றுப்பெட்டி.

செஜியாங்கின் இந்தப் படப்பிடிப்பு ஊரில்
தூணில் சாய்ந்தால் தங்கம் சட்டையில் ஒட்டும்.
மேகம் வேண்டுமென்றால்
லியாவ் என்கிற பையன் வாளியில் உலர்பனி கொண்டுவந்து
வெந்நீர் ஊற்றுவான்.
மலை மட்டும் நிஜம்.
இருநூற்றுப் பதினொரு படி.

கதாநாயகர் பெரிய நட்சத்திரம்.
முகம் தெரிகிற காட்சிக்குத்தான் வருவார்.
படியேறும் தூரக்காட்சிக்கெல்லாம் டூப்.
அவன் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
விடியுமுன்பே முக்காட்டோடு ஏற்றிவிடுவார்கள்.
கிரீடம் பொருத்த ஒன்றரை மணி நேரமாம்,
சாப்பாட்டுக்கும் இறக்கமாட்டார்கள்.

ஆனால் தோளுக்கு அவனைத் தெரியும்.
எழுபத்திரண்டு கிலோ.
சற்றே வலப்பக்கம் சாய்ந்து உட்காருவான்.
ஊதுபத்திப் புகை உள்ளே போனால் தும்முவான்:
குட்டியாய் இரண்டு,
பிறகு தகரக்கூரையில் பூசணி விழுந்தமாதிரி ஒன்று.
உடனே "மன்னிக்கணும்" என்பான்
எட்டுப் பேருக்கும் பொதுவாக.

மூன்றாம் நாள் பல்லக்கு லேசானது.
ஐந்தாம் நாள் இன்னும்.
தண்டு மாற்றுகிற சாக்கில்
திரையருகே வாய்வைத்துக் கேட்டேன்,
"உடம்பு சரியில்லையா?"
"அதெல்லாம் இல்லை.
நீங்கள் இவ்வளவு படி ஏறுகிறீர்களே என்று
ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்!
டிராகனின் பெண் சேனாதிபதிக்குக்கூட
அவ்வளவு கோபம் வசனத்தில் எழுதவில்லை.
"எங்கள் தோள் என்ன சர்க்கரைக்கட்டியா, கரைந்துபோக?
சம்பளம் வாங்கித்தான் சுமக்கிறோம்.
ஒழுங்காய்ச் சாப்பிடுய்யா!"
பின்தண்டு வெய் அக்கா சிரித்த சிரிப்பில்
பல்லக்கு ஒரு முழம் சாய்ந்தது.
"கட்!" என்று அலறினார் இயக்குநர்,
"மணமகனின் நாணமே கெட்டுப்போச்சு!"

மறுநாளிலிருந்து
பன்றிக்கறியும் வெங்காயத்தாளும் வைத்து அவித்த பன் இரண்டு
திரை இடுக்கில் நீட்டுவேன்.
கதைப்படி நகத்தில் செம்பூச்சு பூசிய கை ஒன்று
வந்து வாங்கும்.
ஒருநாள் அதே கை
தோள்வலிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டையை நீட்டியது.
பெயர் கேட்டேன்.
"ஷாவ் ஜிங்தாங். நீங்கள்?"
"தோங் யாச்சிங்."
"வாய்க்குள் படி எண்ணிக்கொண்டே வருவது நீங்கள்தானே?
நூற்றுநாற்பதாவது படியில் தவறாமல்
ஒரு கெட்டவார்த்தை சொல்கிறீர்கள்."

அதற்குப்பின் அந்தப் படியில்
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
அவன் உள்ளிருந்து எனக்காக அதைச் சொன்னான்,
மிக மரியாதையான குரலில்.

கடைசி நாள்.
தூக்கினோம்.
எடை எழுபத்திரண்டேதான், ஆனால் சாய்வில்லை.
புகை சுழன்று உள்ளே போனது.
ஒன்றுமில்லை.
மணல்மூட்டை.
முகம் தெரியாத காட்சிக்கு ஆள் எதற்கு என்று
கணக்காளர் கேட்டாராம்.
நூற்றுநாற்பதாவது படியை
யாரும் திட்டவில்லை.
இரண்டு பன்னும் என் சட்டைக்குள் ஆறிப்போயின.

சாயங்காலம் டிராகன் கொம்பைக் கழற்றிக்
கைப்பையில் போட்டுக்கொண்டு
பேருந்துக்கு நிற்கிறாள்.
நான் எதிர்ப்பக்க நூடுல்ஸ் கடையில்.
மிளகாய் எண்ணெய் காய்கிற நெடி.
எனக்குப் பின்மேசையில் யாரோ
குட்டியாய் ஒன்று,
குட்டியாய் இன்னொன்று.

திரும்பவில்லை நான்.
கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பூசணி விழக் காத்திருந்தேன்.