உலர்ந்தது

கியர்பாக்ஸைத் திறந்து மூடிவிட்டு
ஊருக்குக் கிளம்பிய பெர்த்ரான்
பனகுடி ரயில்வே கேட்டில் ஜீப் நின்றபோது
தன் அழுக்குச் சட்டைகளுக்குள்ளிருந்து
எடுத்துத் தந்தான் அந்த பாட்டிலை.
மச்சினன் போட்டதாம்.
ஆற்றோரச் சரிவில் நாலு ஏக்கர், உழ ஒரு குதிரை.
வெள்ளைத் திராட்சை.
கொடிகளுக்குத் தண்ணீரே பாய்ச்ச மாட்டானாம்,
பாறைக்குள் வேரே போய்த் தேடிக்கொள்ளுமாம்.
ரொம்பக் குளிர வைக்காதே என்று
இரண்டு கைகளாலும் சொன்னான்.

நாங்கள் ரொம்பக் குளிர வைத்தோம்.
ஞானதிரவியத்தின் மருந்துக்கடையில்
இன்சுலின் பெட்டிகளுக்கு நடுவே
ரெண்டு நாள் படுத்திருந்தது,
சர்க்கரைக்காரர்கள் வந்துபோகும்போதெல்லாம்
பச்சைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு.

ஞாயிறு சாயங்காலம்
நாற்பத்தேழாம் நம்பர் காற்றாலை அடியில்
மாசானம் பாட்டிலைத் தொடையிடுக்கில் பிடிக்க
தக்கைக்குள் ஸ்க்ரூ ஏற்றி
கட்டிங் பிளேயரால் நான் இழுக்க
'ஆட்டுக்குப் பேறுகாலம் பாத்த மாதிரில்லா இருக்கு'
என்றான் ஞானதிரவியம்.
பாதித் தக்கை வெளியே வந்தது.
மீதி உள்ளே மிதந்தது.

நாலு எவர்சில்வர் தம்ளர்.
முதல் வாய்:
குளிர், புளிப்பு. அவ்வளவுதான்.
'சவம், இதுக்கு நன்னாரி சர்பத்தே தேவல.'
லேபிளில் மூன்றே எழுத்தில் ஒரு சொல்.
போனில் தட்டிப் பார்த்தேன்:
உலர்ந்தது.
'ஏலே, தண்ணி மாரி ஓடுதத
உலந்ததுங்கானே!'
மூன்று பேரும் சிரித்தோம்.
வாட்ச்மேன் சுயம்பு மட்டும்
விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டது.
கணவாய் திறந்துவிட்ட ஆனிக்காற்று
தம்ளர்களின் வேர்வையை நக்கித் தீர்த்தது.
அரைமணி நேரம் கழித்து
யாரோ மறந்துபோய் ஒரு வாய் குடித்து,
குடித்தவன் பேச்சை நிறுத்தினான்.

தேன் எடுத்த பின்னான அடையின் மெழுகு வாசம்.
பேரிக்காய்த் தோல்.
முதல் மழை விழுந்த கருங்கல்.
நாக்கில் வடிகஞ்சியின் கனம்.
இனிப்பு இதோ வருகிறது வருகிறது என்று
வாய் வாசலைத் திறந்துவைத்துக் காத்திருக்க
வந்ததோ ஒரு கல் உப்பு,
வந்து,
போகாமல் உட்கார்ந்துகொண்டது.

பாட்டிலைத் திருப்பி ஆண்டைப் படித்தேன்.
2016.
'நான் அப்போ துபாய்ல சாரம் கட்டிக்கிட்டு கெடந்தேன்'
'எனக்கு ஐநூறு செல்லாம
நோட்டு முழுக்க கடன் எழுதுன வருசம்'
நான் பேட்டை ஐடிஐயில்
எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

சுயம்பு அண்ணாந்து பார்த்தார்.
மேலே இறக்கை ஒன்று இறங்கி
இன்னொன்று ஏறியது.
'கெணறு வத்துன வருசம்.
அறுவதடி.
உள்ள எரநூறடி போர் போட்டேன்,
புழுதிதான் வந்துச்சு.'

மீதியை அவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.
கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டிய வரைபடத்தில்
நாற்பத்தேழு நிற்கும் துண்டுக்கு
முந்தைய உடைமையாளர் என்ற இடத்தில்
மங்கலாக இருக்கும்: கோ. சுயம்பு.
இன்று மாதம் ஒன்பதாயிரம்,
ராத்திரிக்கு ஒரு டார்ச்.

'இன்னுங் கொஞ்சம் ஊத்து வே.'
வாயில் வைத்திருந்தார்,
நிழல் பத்துத் தடவையாவது எங்களைக் கடந்திருக்கும்.
விழுங்கினார்.
'இனிப்பு இல்ல.'
தம்ளரின் அடியைப் பார்த்தார்.
'இல்லையேன்னும் இல்ல.'

இருட்டிய பிறகு பெர்த்ரானிடமிருந்து செய்தி:
எப்படி இருந்தது?
நல்லாயிருந்தது என்று தட்டினேன், அழித்தேன்.
உப்பு என்று தட்டினேன், அழித்தேன்.
'அண்ணாச்சி, என்ன எழுத?'

டார்ச்சை அடித்து
வேலிப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தவர்
திரும்பாமலே சொன்னார்:
'அந்த மச்சினன் கெணத்துல
தண்ணி கெடக்கான்னு கேளு.'