உள்கூரை

முதலில் பின்னிருக்கைக்கு மேல்தான் தொங்கியது.
அங்கே உட்கார ஆளில்லை, விட்டுவிட்டேன்.
அடுத்த கோடையில் பார்வைக் கண்ணாடி வரை வந்தது.
ஜன்னலைத் திறந்தால் உப்பும்,
மூடினால் என் தலைமுடியில் படுத்துக்கொள்ளும்.
பின்னால் வரும் லாரி
ஒரு சாம்பல் வயிற்றுக்குக் கீழே
சக்கரங்களாக மட்டும் தெரியும்.

இல்போ இருந்தபோது குண்டூசி குத்தினான்,
வண்ணத்தலை ஊசிகள், நாற்பதோ நாற்பத்தொன்றோ,
வரைபடத்தில் போக வேண்டிய ஊர்களைக் குறிப்பவன் போல.
அவன் ஒரே ஓர் ஊருக்குப் போனான், நான்கு வருடமாகிறது.
ஊசிகள்தான் ஒவ்வொன்றாய்
ஊசிகௌபுங்கி சாலையின் குழிகளில்
என் காலருக்குள் இறங்கின.

சனிக்கிழமை இருக்கைகளைக் கழற்றினேன்.
வெயில் தடுப்பு, கைப்பிடிகள், விளக்கு.
திருகுகளைக் காபிக் கோப்பைகளில் போட்டு
எது எங்கே என்று எழுதி ஒட்டினேன்.
பலகையை மட்டும் ஒற்றை ஆள் இறக்க முடியாது,
வளைந்தால் முறியும்.
ஆகவே எதிர்வீட்டு தைஸ்தோவின் கதவைத் தட்டினேன்.
அவன் தள்ளும் பனியெல்லாம் என் வாசலில் குவிகிறதென்று
நகராட்சிக்கு மூன்று கடிதம் எழுதியவள் நான்.
மரச்செருப்போடு வந்தான். வணக்கமில்லை.
‘எந்தப் பக்கம் பிடிக்க?’

பின்கதவு வழியாக எடுத்தோம்
படகிலிருந்து ஒரு பெரிய மீனை இறக்குவது போல,
‘உன் பக்கம் தாழ்த்து’, ‘இன்னும்’, ‘நில்’.
மூன்று வருடத்தில் நாங்கள் பேசிய
மிக நீண்ட பேச்சு அது.

துணி கையோடு வந்துவிட்டது, பழைய புண்ணின் கட்டு.
அடியிலிருந்த நுரைப்பஞ்சு
பஞ்சாக இல்லை; ஆரஞ்சுத் தூள்.
தேய்க்கத் தேய்க்க இமை, மூக்கு, பல் எல்லாம் ஆரஞ்சு.
‘சுரண்டாதே, பிரஷ்ஷால் தேய்’ என்று
போவதாகச் சொன்னவன் நின்றுகொண்டே இருந்தான்.

முன்மூலையில் பென்சில் எழுத்து:
ஓர் எண், பக்கத்தில் ‘வெள்ளி’.
தைஸ்தோ குனிந்து பார்த்தான்.
‘வெள்ளிக்கிழமை வண்டி. அதனால்தான்.
நான் அங்கேதான் இருந்தேன், கதவுப் பிரிவில்.’
கொஞ்ச நேரம் கழித்து,
‘கதவில் ஏதாவது குறை?’
இல்லை என்றேன்.
மைனஸ் இருபதில் ஓட்டுநர் கதவு
இரண்டு உதை கேட்கும் என்பதைச் சொல்லவில்லை.

ரௌமாவில் வாங்கிய துணி, கருநீலம்.
சோபாவுக்கா என்று கேட்டாள் கடைக்காரி,
ஆமாம் என்றேன், விளக்கச் சோம்பல்.
பசையைத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
விரல் வைத்தால் பிடிக்க வேண்டும்,
விரலோடு வந்துவிடக் கூடாது.
அந்தப் பத்து நிமிடமும் தைஸ்தோ
என் கராஜில் மாட்டியிருந்த சுத்தியல்களை
அளவுவாரியாக மாற்றி மாட்டினான்.
பிறகு நடுவிலிருந்து விளிம்புக்கு
அவன் உள்ளங்கை அந்தப்புறம், என்னுடையது இந்தப்புறம்.
ஒரு காற்றுக்குமிழ் ஓடியது,
துரத்தி வெளியேற்றினோம்.

செவ்வாயன்று வருடாந்திரச் சோதனை.
அந்தப் பையன் நேரே பள்ளத்தில் இறங்கினான்,
டார்ச்சால் அடிவயிற்றைத் தட்டிக் கேட்டான்.
பின் பிரேக் குழாயில் துரு. தேறவில்லை.
‘மேலே பார்த்தீர்களா?’ என்றேன்.
‘மேலே என்ன?’
உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான்.
அண்ணாந்தான்.
புறங்கையால் ஒருமுறை தொட்டான்.
‘இதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை’ என்று
தாளை நீட்டினான்.

மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன்.
காலருக்குள் எதுவும் விழவில்லை.
எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது.
பிரேக் குழாய் எந்தப் பிரிவு,
அங்கே யாரையாவது தெரியுமா என்று
போய்க் கேட்க வேண்டும்.