மூன்று வரிசைச் செங்கல்

கிராவீன் என்றால்
பூக்கள் இருக்குமிடம் என்று பொருளாம்.
குடிவந்த முதல் வாரம்
ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை எண்ணிக்கொண்டு நடந்தேன்.
பதினொரு கான்கிரீட் முற்றம்.
நான்கு பிளாஸ்டிக் புல்தரை.
ஒரு ரோஜா, அதுவும் வெயிலில் கருகி.

வாடகை வீடு.
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது,
நிலத்தில் எதையும் நடக்கூடாது.
ஒப்பந்தத்தின் பதினேழாம் பத்தி
தொட்டிகளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நாற்றுப்பண்ணையில் ஒருத்தி
நகமெல்லாம் மண்ணோடு
நான்கு டாலருக்கு ஒரு செடி தந்தாள்.
பார்த்தால் கோரைப்புல். பெயர் டயனெல்லா.
"இந்த மண்ணுக்கே உரியது.
உரம் போடாதே. அதிகம் அன்பு காட்டாதே."
யாரும் எனக்குச் சொன்ன அறிவுரைகளில்
கடைப்பிடிக்கத் தோன்றிய முதலாவது.

"புல்லுக்குக் காசு குடுத்த ஆள்
இந்தத் தெருவிலேயே நீர்தான்"
என்றார் நிமலன்,
பைகளை வாங்கி உள்ளே வைத்தபடி.

நவம்பரில் பூத்தது.
மூக்குத்திக் கல்லளவு நீலம்,
தலைகவிழ்ந்து, யாரையும் கூப்பிடாமல்.
ஆனாலும் வந்துவிட்டது ஒன்று:
கறுத்த வயிற்றில் நீல வரிகள்,
ஒரு நொடி நிற்காத அவசரம்.
பூவைக் கட்டிப்பிடித்து
உடம்பையே உதறியது.
பல் வைத்தியரின் கருவிபோல் ஓர் இரைச்சல்,
பொடியாக மகரந்தம் கொட்டியது.
பக்கத்துத் தொட்டிக் கத்தரிக்கும்
அதே உலுக்கல்.
இரண்டு கோடை பூத்துப் பூத்து உதிர்ந்த கத்தரி
அந்த மாதம் காய் பிடித்தது.
நிமலன் ஒன்றும் சொல்லவில்லை.
குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

எங்கே குடியிருக்கிறது என்று
பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.
கராஜின் பழைய சுவர்.
செங்கல்லுக்கு இடையில் உதிரும் சுண்ணாம்புக் காரை,
அதில் பென்சில் நுழையும் துளைகள்.
எறும்பு ஊரக் கல்லே தேயுமாம்,
காரை எம்மாத்திரம்.

இதற்கு ராணி கிடையாது. சேனை கிடையாது.
எடுத்து விற்கத் தேன் கிடையாது.
தனியாகக் குழி தோண்டி
பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்து
கதவைச் சாத்திவிட்டுப் போகிறவள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என் இரவு ஷிப்டில் பாதிப்பேர் அப்படித்தான்.

டிசம்பரில் வீட்டைச் சோதிக்க வந்த முகவர்
படம் பிடித்துப்போனார்:
களை, தொட்டிகள் ஒன்பது.
சுவர், பழுது.
அடுத்த திங்கள்
சிமெண்ட் மூட்டையோடு ஒரு கொத்தனார்.
பெயர் ஸ்டாவ்ரோ. அறுபதிருக்கும். முழங்கால் வலி.

வேலை முடிந்து வந்து
தூங்காத கண்களோடு
சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.
என் ஆங்கிலம் அப்போது பார்த்துக் காணாமல் போனது.
விரலால் காட்டினேன்.
ஒரு துளையிலிருந்து
ஒரு முகம் வெளியே பார்த்தது,
பெரிய பச்சைக் கண்களோடு,
யார் இந்தச் சத்தம் என்று.

ஸ்டாவ்ரோ குனிந்தார். நிமிர அதிக நேரம் எடுத்தார்.
"கரண்டி எட்டாத இடம் என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார்.
மூன்று வரிசைச் செங்கல்
அப்படியே விட்டுப்போனார்.
தரையிலிருந்து இடுப்புயரம்.
குழந்தைக்கும் எட்டும்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
வாரத்துக்கு நாற்பது டாலர் கூடுதலாம்.
காரணம்: சுவர் சீரமைப்பு,
மேலும் கவர்ச்சியான தோட்டம்.
தோட்டம்!
என் ஒன்பது களைகள்.
சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டேன்.
பிறகு சிரிக்கவில்லை.

புதுப்பிக்கும் படிவம்
மேசையில் மூன்று நாளாகக் கிடக்கிறது.
"வசிப்போர் எண்ணிக்கை" என்ற கட்டத்தை
நிமலன் எனக்கு விட்டுவைத்திருக்கிறார்.

பொழுது சாய்கிறது.
டயனெல்லாவின் காய்ந்த தண்டில்
ஆண் தேனீக்கள் வந்து சேர்கின்றன,
தாடையால் தண்டைக் கவ்வி
கால்களைத் தொங்கவிட்டு
அப்படியே தூங்கிவிடும்.
ஐந்து. ஆறு.
ஏழாவது இடம் பிடிக்க மல்லுக்கட்டுகிறது,
தண்டு ஆடுகிறது,
இரண்டு பறந்து போகின்றன,
திரும்ப முதலிலிருந்து எண்ணவேண்டும்.
ஏழரைக்கு என் ரயில்.